தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பின்: வீடு திரும்பியவர்களுக்கான இயன்மருத்துவ வழிகாட்டி

தோள்மூட்டில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரைப் பார்க்க வருகின்றவர்கள், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆலோசனைகளைத் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். "கையை ஆட்டாதீங்க மகள், தையல் விட்டிரும்" என்பது ஒன்று. "ஆட்டாம வெச்சிருந்தா இறுகிப்போகும், கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கிப் பழகுங்க" என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த வாரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு தூரத்துக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக யாருடைய பலத்தால் அந்தக் கை அசைய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சத்திரசிகிச்சை செய்யப்பட்ட தோளின் தசை தன் சொந்தப் பலத்தால் கையைத் தூக்குவதும், மற்றக் கையோ இயன்மருத்துவரோ அந்தக் கையைத் தாங்கித் தூக்குவதும் வெளிப்பார்வைக்கு ஒரே அசைவாகத் தெரியலாம். உள்ளே தைக்கப்பட்ட தசைநாணுக்கு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கு, அவை முற்றிலும் வேறான இரண்டு செயல்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முதன்முறையாக இந்நிலைமையை எதிர்கொள்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்கும் உதவும்பொருட்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்கே தரப்படும் வாரக் கணக்குகள் பொதுவானவை. உங்களுடைய சத்திரசிகிச்சை நிபுணர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால், தோளைத் திறந்து பார்த்தவர் அவரே என்பதால் அவர் சொன்னதையே கைக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் செய்யப்பட்டது எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

தோள்மூட்டின் குழி மிகவும் ஆழம் குறைந்தது. தேநீர்த் தட்டின்மீது வைத்த தோடம்பழம்போல மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதன்மீது அமர்ந்திருக்கிறது. அந்த உருண்டையைக் குழியோடு அணைத்துப் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஆகும். வயது, நீரிழிவு, பல்லாண்டுகளாகக் கையை உயர்த்திச் செய்யும் வேலை, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுதல் ஆகிய காரணங்களால் இத்தசைநாண்கள் எலும்பிலிருந்து கிழிந்து விலகும்போது, எலும்பில் சிறு நங்கூரங்களைப் பதித்து, அவற்றின் நூலால் தசைநாணை இழுத்துத் தைக்கிறார்கள். இக்கட்டுரையின் பெரும்பகுதி இந்தத் தையலுக்குப் பிந்திய காலத்தைப் பற்றியது.

எல்லாத் தோள் சத்திரசிகிச்சைக்கும் ஒரே ஒழுங்கு பொருந்தாது. இறுகிய தோளை விடுவிக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அன்றோ மறுநாளோ கையை அசைக்கத் தொடங்க வேண்டும். அவர் ஸ்லிங்கில், அதாவது கையைத் தாங்கும் தூக்குப்பட்டியில், கையைப் போட்டு ஓய்ந்திருந்தால் செய்த சிகிச்சையே வீணாகிவிடும். எலும்பு முனையை மட்டும் செதுக்கி இடம் ஏற்படுத்தியவர்களுக்கு ஸ்லிங் சில நாள்களுக்கே தேவைப்படும். அடிக்கடி மூட்டு விலகுவதற்காகத் தைத்தவர்கள், கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னோக்கித் திருப்பும் நிலையை, அதாவது கல் எறியக் கை ஓங்கும் நிலையை, நீண்ட நாள்களுக்குத் தவிர்க்க வேண்டும். தலைகீழ் வகைச் செயற்கை மூட்டுப் பொருத்தியவர்கள் கையை முதுகுப்புறம் கொண்டுசெல்வதை, அதாவது காற்சட்டையின் பின்பையைத் தொடுவதையும் சேர்ட்டைப் பின்னால் செருகுவதையும், ஏறத்தாழ 12 வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். அந்த நிலையில் மூட்டு நழுவக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டார் தம் தோளுக்குச் செய்த பயிற்சியைப் பார்த்துச் செய்வது ஆபத்தானது. அவருக்குச் செய்யப்பட்டது வேறொன்றாக இருக்கலாம்.

விடுதியைவிட்டு வெளியேறுமுன், பின்வருவனவற்றைக் கேட்டுக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். எத்தனை தசைநாண்கள் தைக்கப்பட்டன? கிழிவு சிறிதா பெரிதா? ஸ்லிங் எத்தனை வாரம், இரவிலும் அணிய வேண்டுமா? மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் நாண் வெட்டி வேறிடத்தில் பொருத்தப்பட்டதா? பிறர் உதவியோடு கையை எத்தனை பாகை வரை உயர்த்தலாம்? இயன்மருத்துவப் பிரிவுக்கு எப்போது வர வேண்டும்? "சேருக்கு நேரமில்லை, இதையெல்லாம் கேட்டால் கோபிப்பார்" என்று எண்ணித் தயங்குபவர்கள் நம்மிடையே அதிகம். தயங்காதீர்கள், அந்த ஒரு பக்கக் குறிப்பு, பின்னர் வேறொரு வைத்தியசாலையில் இயன்மருத்துவம் பெற நேர்ந்தால் இன்னும் பயன்படும்.

நோவின் கணக்கும் தசைநாணின் கணக்கும்

தைத்தவுடன் தசைநாணைப் பிடித்துவைத்திருப்பது நூல் மட்டுமே. முதல் வாரத்தில் அவ்விடத்தில் அழற்சி ஏற்பட்டு, அதன்பின் வரும் வாரங்களில் எலும்புக்கும் தசைநாணுக்கும் இடையே மென்மையான, ஒழுங்கற்ற இழையம் வளர்கிறது. அந்த இழையம் ஓரளவு இழுவையைத் தாங்கும் நிலையை அடைவதற்கு ஏறத்தாழ 12 வாரங்கள் செல்லும். முதிர்ந்து உறுதிப்படுவதற்கு மேலும் பல மாதங்கள் எடுக்கும். நோவோ பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாம் ஆறாம் வாரங்களிலேயே நன்கு குறைந்துவிடுகிறது. நோவு குறைந்ததைத் தோள் குணமானதற்கு அடையாளமாகக் கொண்டு, ஸ்லிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு வாளியைத் தூக்கியவர்களுக்கே தையல் விடுகிறது. ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தை நான் மிகவும் அஞ்சுவது இதனாலேயே.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் தோள் இறுகுவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அந்த இறுக்கம் பெரும்பாலானவர்களில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பயிற்சியால் இளகிவிடும். மீண்டும் கிழிந்த தசைநாணோ தானாக ஒட்டாது. இரண்டில் ஒன்றைச் சகிக்க வேண்டுமாயின் இறுக்கத்தைச் சகிப்பதே மேல்.

முதல் இரண்டு வாரங்கள்

கழுத்துப் பக்கத்தில் ஊசி ஏற்றி நரம்பை மரக்கச் செய்திருந்தால், சத்திரசிகிச்சை முடிந்த பின்னும் பல மணிநேரத்துக்குக் கை உணர்வற்றிருக்கும். அந்நேரத்தில் கையைச் சூடான பாத்திரத்துக்கு அருகே வைக்கவும் கூடாது. தாங்கலின்றித் தொங்கவிடவும் கூடாது. மரப்பு நீங்கும்போது நோவு திடீரென எழும் என்பதால், வைத்தியர் தந்த நோவுக் குளிசையை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. சிறுநீரக நோய், வயிற்றுப்புண், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரசிட்டமோல் அல்லாத நோவுக் குளிசைகளைப் பாமசியில் தாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

ஸ்லிங் அணியும்போது முழங்கை அதன் பின்மூலையில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பட்டி கழுத்தெலும்பை அறுக்காதபடி அதன்கீழ் மடித்த துணியொன்றை வைக்கலாம். கை தொங்கி மணிக்கட்டு வெளியே விழுந்திருந்தால் விரல்கள் வீங்கும். பெரும்பாலான தசைநாண் தையல்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை ஸ்லிங் தேவைப்படும். பயிற்சி, குளிப்பு, உடை மாற்றல் ஆகியவற்றுக்கு மாத்திரமே அதைக் கழற்றலாம்.

உறக்கமே முதல் வாரங்களின் பெருஞ்சோதனை. மட்டமாகப் படுத்தால் நோவு கூடும். கட்டிலின் தலைப்பக்கத்தில் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கியோ, சாய்வு நாற்காலியிலோ அரைவாசி சாய்ந்தபடி உறங்குங்கள். முழங்கை பின்னோக்கி விழாதபடி அதன்கீழ் ஒரு தலையணை இருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் உங்கள் முழங்கை உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நம் பகுதியின் வெக்கையும் ஈரப்பதமும் ஸ்லிங் அணிந்தவருக்குத் தனித் தொல்லை தருகின்றன. நாள் முழுவதும் உடம்போடு ஒட்டியிருக்கும் அக்குள் வியர்த்து, தோல் அவிந்து, புண்ணாகி, கிருமித் தொற்றுக்கு இடங்கொடுக்கிறது. பலர் பயத்தினால் அக்குளைக் கழுவுவதேயில்லை. கழுவும் முறை எளிது. நல்ல கையால் மேசையைப் பிடித்து, இடுப்பிலிருந்து முன்னோக்கிக் குனியுங்கள். தோளைத் தளர்த்திவிட்டால் சத்திரசிகிச்சைக் கை தானாகவே உடம்பிலிருந்து விலகித் தொங்கும். அப்போது வீட்டார் ஒருவர் ஈரத்துணியால் அக்குளைத் துடைத்து, உலர்ந்த துவாயால் ஒற்றி எடுக்கலாம். காலையும் மாலையும் இதைச் செய்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியொன்றை மடித்து அக்குளில் வைத்த பின் ஸ்லிங்கை மாட்டுங்கள். தோலின் தையல் வெட்டும்வரை, அதாவது வழக்கமாக 10 முதல் 14 நாள்வரை, காயத்தில் தண்ணீர் படக் கூடாது. கிணற்றடியில் குளிப்பவர்களுக்கு வேறொருவர் அள்ளித் தர வேண்டும். ஒரு கையால் அள்ளிப் பார்ப்போமென்ற துணிச்சல் வேண்டாம். வாளி சரியும் கணத்தில் மற்றக் கை உங்களைக் கேளாமலே நீண்டுவிடும்.

உடை உடுக்கும்போது சத்திரசிகிச்சைக் கையை முதலில் சட்டைக்குள் இடுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். முன்னால் பொத்தான் உள்ள, அளவில் பெரிய சட்டைகளை ஆண்களும் பெண்களும் முன்கூட்டியே எடுத்துவைக்கலாம். பின்னால் கொளுக்கி மாட்டுவது, கொண்டை முடிவது, தலைமறைப்பை உச்சியில் ஊசி குத்துவது, சாரத்தை இரு கையாலும் இழுத்துச் செருகுவது ஆகிய அனைத்தையும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரந்தியென்றும் சீழ் பிடிக்குமென்றும் சொல்லி மீன், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் பாணுமாக நோயாளியை வைத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வைத்தியர் தடுக்காதவரையிலும், அவ்வுணவுக்கு ஒவ்வாமை இல்லாதவரையிலும் அது தேவையற்றது. ஒட்டும் இழையத்துக்குப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் பயறும் அதைத் தரும். எருமைத் தயிரும் நல்லதே, நீரிழிவு உள்ளவர்கள் சீனியோ பாணியோ சேர்க்காமல் உண்ண வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவரின் காயம் தாமதமாக ஆறுவதோடு, அவருடைய தோள் இறுகும் வாய்ப்பும் அதிகம். புகைத்தலும் தசைநாண் ஒட்டுவதைக் கெடுக்கிறது; சிகரெட்டாயினும் பீடியாயினும் சுருட்டாயினும் விளைவு ஒன்றே.

முதல் ஆறு வாரப் பயிற்சிகள்

பயிற்சிக்கு அரை மணிநேரத்துக்கு முன்பு நோவுக் குளிசை எடுத்து, பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் தோளில் வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு நாள் எளிதாகக் கழியும்.

முதல் நாளிலிருந்தே விரல்களை மூடித் திறக்கவும், மணிக்கட்டை எல்லாத் திசையிலும் அசைக்கவும், முழங்கையை நீட்டி மடக்கவும் வேண்டும். ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, ஒரு நாளில் நான்கைந்து முறை செய்யலாம். பைசெப்ஸ் நாண் இடம்மாற்றிப் பொருத்தப்பட்டவர்கள் மட்டும் முழங்கையைச் சொந்தப் பலத்தால் மடக்கக் கூடாது. மற்றக் கையால் தாங்கியே மடக்க வேண்டும். கழுத்தையும் மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். கதிரையில் நிமிர்ந்திருந்து, முதுகிலுள்ள தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி மெல்ல இழுத்து, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடுவது அடுத்த பயிற்சி. நாள் முழுவதும் கூனியிருப்பவரின் தோள், தையல் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் உயராது.

ஊசலாட்டப் பயிற்சி எளிதாகத் தோன்றினாலும் பலராலும் பிழையாகச் செய்யப்படுகிறது. நல்ல கையை மேசையில் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, கையை மரக்கிளைபோல் விறைக்கவிடாமல் முற்றாகத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். பின்னர் உடல் பாரத்தை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றி மாற்றி ஆடுங்கள். உடம்பின் ஆட்டத்தால் கை தானாக ஊசலாட வேண்டும். கை தன் பலத்தால் சுழன்றால் தைத்த தசை வேலை செய்கிறது என்று பொருள். வட்டம் ஒரு சாணுக்கு மேல் பெரிதாக வேண்டியதில்லை. சரியாகச் செய்கிறீர்களா என்று அறிய, வீட்டார் ஒருவரை உங்கள் விரலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கை எதிர்ப்பின்றி அவரோடு போனால் தளர்வு போதுமானது.

வைத்தியர் அனுமதித்த பின், மல்லாந்து படுத்து, நல்ல கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, அனுமதிக்கப்பட்ட பாகைவரை மேலே கொண்டுசென்று மெதுவாக இறக்குங்கள். முழுத் தூக்கலையும் நல்ல கையே செய்ய வேண்டும். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடித்துவைத்து, தும்புத்தடியின் தடியை இரு கையாலும் குறுக்கே பிடித்து, நல்ல கையால் தள்ளி மற்றக் கையை வெளிப்புறம் திருப்புங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் சுருட்டிய துவாயொன்றை வைத்தால் முழங்கை விலகாது. பெரிய கிழிவு தைக்கப்பட்டவர்களுக்கு இவ்விரண்டையும் தள்ளிப்போடும் நிபுணர்கள் உண்டு. அது உங்கள் நன்மைக்கே.

பத்தில் மூன்று நான்கு என்ற அளவில் இழுப்பும் நோவும் பயிற்சியின்போது இருக்கலாம். ஓரிரு மணிநேரத்தில் அது தணிய வேண்டும். அன்றிரவு உறக்கம் கெட்டால், மறுநாள் தடவைகளைப் பாதியாகக் குறையுங்கள்.

இக்காலத்தில் ஒடிவு முறிவு வைத்தியரை அழைத்து நோவெண்ணெய் தேய்த்துக் கையை இழுத்து உருவுவதற்குக் குடும்பத்தார் விரும்பக்கூடும். அவர்களுடைய கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எலும்போடு தைத்த தசைநாண் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து இழுக்கப்படும் எந்த இழுவையும் அந்த நூலின்மீதே விழுகிறது. ஆறாத காயத்தின்மீது எண்ணெய் படுவதும் தொற்றுக்கு வழிவகுக்கும்.

ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை

ஸ்லிங் கழற்றப்பட்ட பின், கை தன் பலத்தையும் மற்றக் கையின் பலத்தையும் பங்கிட்டு அசையத் தொடங்குகிறது. மேசைமீது துணியொன்றை விரித்து அதன்மேல் கையை வைத்து முன்னோக்கி வழுக்குதல், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுதல், கூரை வளையில் கட்டிய சிறு கப்பியில் கயிறிட்டு நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்துதல் ஆகியவை இப்பருவத்துக்குரியவை. சுவரில் ஏறிய உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். முன்னேற்றம் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாது. வாரத்துக்கு வாரம் அந்தக் கோடுகள் காட்டும்.

கண்ணாடி முன் நின்று கையை உயர்த்தும்போது, கை எழுமுன் தோள் காதை நோக்கி எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், பலவீனமான தசைக்குப் பதிலாகக் கழுத்துத் தசை வேலை செய்கிறது. அப்பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது கடினம். தோள் எழாமல் எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவோடு நிறுத்துங்கள். உயரத்தைவிட ஒழுங்கே முக்கியம்.

இந்த ஆறு வாரங்களில் தேநீர்க் கோப்பையைவிடப் பாரமான எதையும் அந்தக் கையால் தூக்காமலிருப்பது பாதுகாப்பானது. உண்ணலாம், எழுதலாம், முகம் கழுவலாம், மேசையில் வைத்து மரக்கறி நறுக்கலாம். திருவலையில் தேங்காய் துருவுவதும், கொடியில் ஈரச் சேலை போடுவதும், பேரப்பிள்ளையைத் தூக்குவதும் கூடாது. கதிரையிலிருந்தோ பாயிலிருந்தோ கையூன்றி எழவும் கூடாது. தொழுகையில் சுஜூது செய்யும்போதும் கோயிலில் விழுந்து வணங்கும்போதும் உடற்பாரம் கைகளில் இறங்குவதால், இக்காலம் முடியும்வரை கதிரையில் அமர்ந்து தொழுவதும் நின்றபடி வணங்குவதும் தகும்.

பஸ்ஸில் நின்றபடி மேற்கம்பியைப் பிடித்துப் பயணம் செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பது கல்முனை வீதியில் நாளாந்தம் போய்வருபவர்களுக்குத் தெரியும். திடீரென பிரேக் போடும்போது முழு உடலும் அந்த ஒரு தோளில் தொங்கும். ஸ்லிங் கழற்றிய பின்னும் சில வாரங்களுக்குப் பயணத்தின்போது மட்டும் அதை அணிந்துகொண்டால் பிறர் பார்த்து இடம் தருவார்கள், இடிக்கவும் மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை நிபுணர் அனுமதிக்கும்வரை தொட வேண்டாம். முன்பிரேக்கும் வேகப்பிடியும் வலது கையில் இருப்பதால் வலத்தோள் தைத்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது.

பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின்: பலமும் தொழிலும்

பலப்படுத்தும் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. இறப்பர் பட்டி கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாட்டில் மெல்லிய பட்டியாக வெட்டி, கதவின் பிடியில் கட்டிக்கொள்ளலாம். டியூப் விறைப்பானது என்பதால் நீளமாக வைத்தே தொடங்க வேண்டும். குட்டையாக்க ஆக்க எதிர்ப்பு கூடும். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் துவாய் வைத்து, பட்டியை வெளிப்புறமாகவும் பின்னர் உட்புறமாகவும் இழுங்கள். அதன்பின் இரு முழங்கைகளையும் பின்னோக்கி இழுங்கள். ஒவ்வொன்றையும் 10 முதல் 15 தடவை, இரண்டு மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அரை லீட்டர்த் தண்ணீர்ப் போத்தல் ஏறத்தாழ அரைக் கிலோ. அதைத் தோள் எழாமல் பதினைந்து தடவை உயர்த்த முடிந்த பின்பே கூடிய பாரத்துக்குப் போங்கள்.

தொழிலுக்குத் திரும்பும் காலம் தொழிலைப் பொறுத்தது. அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவர் ஸ்லிங்குடனேயே சில வாரங்களில் திரும்பலாம். மருதமுனையில் கைத்தறி நெய்பவருக்குப் பாரம் குறைவு, ஆனால் ஒரே இழுவை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும். அவர் நான்காம் மாதமளவில் குறுகிய நேரத்தோடு தொடங்கி, தோள் களைக்குமுன் எழுந்து ஓய்வெடுக்க வேண்டும். விவசாயிகள் போகக் கணக்கோடு சேர்த்துத் திட்டமிடுவது நல்லது. பெரும்போக விதைப்பின்போது சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், மாசி பங்குனி அறுவடைக்குத் தம் தோளை நம்பி நெல் மூட்டைக்குப் போகக் கூடாது. அதற்கு ஆள் பிடிக்கும் செலவை முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும். மருந்தடிக்கும் முதுகுத் தாங்கி நிறைந்தால் 16 லீட்டர். அதன் பட்டி அழுத்துவதும் அதே தோளில்தான். ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து செல்பவர்கள், போகலாமா என்பதை நிபுணரிடம் கேட்டு, போனாலும் பொதியை மற்றத் தோளிலோ துணைக்கு வருபவரிடமோ கொடுக்க வேண்டும்.

வாவியில் வீச்சுவலை எறிபவருடைய தோளுக்கு இத்தொழில்கள் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை உண்டு. நனைந்த வலையின் பாரம், உடலின் திருகல், கையை உயர்த்தி வேகமாக விரிக்கும் கணம் ஆகிய மூன்றும் ஒரே வீச்சில் சேருகின்றன. ஆறு மாதத்துக்கு முன் இதை எண்ணவே வேண்டாம். அனுமதி கிடைத்த பின்னும், முதலில் வலையின்றி வெறுங்கையால் அந்த வீச்சைப் பழகி, பின்னர் கரையில் உலர்ந்த வலையை எறிந்து, அதன்பின் முழங்காலளவு தண்ணீரில் சிறிய வலையோடு சில வீச்சுகளில் தொடங்க வேண்டும். தோணியில் நின்று எறிவது கடைசிப் படி. தடுமாறினால் பிடித்துக்கொள்வதற்குச் சுவர் அங்கே இல்லை.

இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்வருதல்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் இயன்மருத்துவச் சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது. படுவான்கரையிலிருந்தோ தொலைவிலுள்ள வேறு ஊர்களிலிருந்தோ ஒவ்வொரு முறையும் பட்டணத்துக்கு வருவது சிரமமாயின், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் தொடர முடியுமா என்று கேட்டுக் கடிதம் பெறுங்கள். போயா தினத்திலும் அரச விடுமுறை நாளிலும் கிளினிக் நடைபெறாது என்பதால் திகதியைக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கே பயிற்சியைக் கற்றுக்கொள்கிறீர்கள். தோளைத் திருப்பித் தருவது வீட்டில் நாள்தோறும் மூன்று வேளை செய்யும் பயிற்சியே. ஆகவே "எல்லாம் செய்தேன் மிஸ்" என்று சொல்லி நல்ல பெயர் வாங்குவதைவிட, எது முடியவில்லை, எங்கே நொந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். செய்யாத பயிற்சியைச் செய்ததாக எண்ணி அடுத்த படிக்கு உங்களை ஏற்றிவிட்டால் பாதிப்பு உங்கள் தோளுக்குத்தான்.

கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. காய்ச்சல், காயம் சிவந்து சூடாதல், சீழோ நீரோ வடிதல்; விரல்கள் நீலம் பாய்தல் அல்லது மரப்பு நீங்காமலிருத்தல்; கை முழுவதும் வீங்கி, தோல் பளபளத்து, தொடவே முடியாதபடி எரிதல்; விழுந்த பின்னோ எதையோ பிடித்த பின்னோ "டக்" என்று உணர்ந்து, முன்பு உயர்ந்த கை உயராமற்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சுத் திணறலும் நெஞ்சு நோவும் ஏற்பட்டாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஆறாம் மாதத்தில் பெரும்பாலானவர்கள் அன்றாட வேலைகளைத் தடையின்றிச் செய்வார்கள். பலம் ஒரு வருடம்வரை கூடிக்கொண்டே போகும். அப்போதும் இரவில் நோவு எழுப்பினாலோ, பிறர் தூக்கினால் உயரும் கை தானாக உயராவிட்டாலோ, அது வெறும் இறுக்கம் அன்று. முதல் நாள் எழுதுவித்த குறிப்புள்ள அந்தக் கிளினிக் கொப்பியையும், சுவரில் குறித்த கோடுகளைத் தொலைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டுபோய், ஸ்கேன் ஒன்று தேவையா என்று நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்.